பழைய வண்டிக்குப் பழைய பாகம்: பணம் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

போன ஐப்பசியில் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுபோகும் ஒரு தம்பி, தன் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐத் தள்ளிக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பிடித்த பிரேக் திரும்ப விடவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாய்ந்துவிட்டது. லாரி நகராமல் நின்றிருந்ததால் பிழைத்தார்.

இரண்டு வாரம் முன்புதான் பழைய பாகக் கடையில் முன்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், வாங்கி மாற்றியிருந்தார். "அதே வண்டி ஹப்தான் அண்ணே, அப்படியே உட்கார்ந்தது" என்றார். உண்மைதான், அச்சு சரியாகப் போயிருந்தது. ஆனால் டிரம்முக்குள், அதாவது ஹப்பில் பிரேக் ஷூ என்ற கட்டை உரசும் வட்டக் குழிக்குள், விட்டம் அளக்கும் வெர்னியர் காலிபரை வைத்தேன்: 131.6 மில்லிமீட்டர். புதிதில் 130 இருக்கும் டிரம் அது. 131-ஐத் தாண்டினால் தூக்கிப்போட வேண்டும். பல ஹப்புகளில் இந்த எல்லை அளவை உள்ளேயே வார்த்திருப்பார்கள். துருவைத் துடைத்தால் தெரியும்.

டிரம் தேய்ந்து அகன்றுவிட்டால் பிரேக் ஷூ அதைத் தொட அதிக தூரம் விரிய வேண்டும். ஷூவை விரிக்கும் கேம் தன் அளவுக்கு மேல் திரும்பி, குறுக்கே நின்று சிக்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் இழுத்தாலும் ஷூ திரும்பாது. அந்தத் தம்பியின் வண்டியில் யாரோ கேம் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். பிரேக் "நன்றாகப் பிடிக்க" செய்த வேலை அது. உண்மையில் ஆபத்தை மறைத்த வேலை. பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது கேபிளுக்கும் லீவருக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகையைத் தாண்டக் கூடாது. இதை நீங்களே வண்டியருகில் குத்தவைத்துப் பார்க்கலாம்.

பழைய பாகம் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1996-ஓடு உற்பத்தி நின்றுபோன வண்டிக்குப் புதுப் பாகம் எங்கே போவது? நானே புதுப்பேட்டைக்குப் போய்த்தான் வாங்குகிறேன். கையில் கழற்றிய பழைய பாகமும் காலிபரும் இல்லாமல் போவதில்லை. கடைக்காரர் வாய்ச்சொல்லும் போனில் எடுத்த படமும் போதாது.

சிலிண்டர் பிளாக்கை எடுத்துக்கொள்வோம். ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ., ஆர்எக்ஸ் 135-இன் போர் 58. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டிலும் 50-தான். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், கலந்து விற்பவர்களும் உண்டு. சரியான பிளாக்கே கிடைத்தாலும், எத்தனை முறை ரீபோர் செய்தது, அதாவது தேய்ந்த உள்துளையைக் குடைந்து பெரிதாக்கியது, என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் கூட்டி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். மேல் விளிம்பில், பிஸ்டன் ரிங் உரசாத இடத்தில் அளந்து 51 வந்தால் அந்த பிளாக்கின் ஆயுள் முடிந்தது. பளபளப்பாக மணல் அடித்து வைத்திருப்பதைக் கண்டு மயங்காதீர்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயைக் கடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து மறையும். நம் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு: திருவொற்றியூர், எண்ணூர் உப்புக்காற்று குரோமில் ஊசிமுனை அளவு குழிகளை அரித்துவிடும். ஆயிலை அடைக்கும் சீல் ஓடும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அந்தக் குழாய் புது சீலையும் சில வாரங்களில் கிழித்து ஆயிலைக் கசியவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் நாள் கணக்கில் நீரில் நின்ற வண்டிகளை நான் நிறையப் பார்த்தேன். அப்படிப்பட்ட வண்டிகளும் பிரிக்கப்பட்டுப் பாகங்களாகக் கடைக்கு வருகின்றன. இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டின் மூடிக்கு உள்பக்கம், ஹப்பின் மூலை, வயர்களை இணைக்கும் கப்ளரின் உள்ளே, இந்த மூன்று இடத்திலும் காய்ந்த சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்சாரக் காயிலையும் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்கையும் தொடாதீர்கள்.

பிரேக் ஷூ, கேபிள், செயின், ஆயில் சீல், பேரிங் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பேரிங் எந்த வண்டியுடையது என்று தேட வேண்டியதும் இல்லை. அதன் மேல் பொறித்த எண்தான் அளவு. 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிமன் 12 மி.மீ. எண்ணைச் சொன்னால் நல்ல பேரிங் கடையில் புதிதாகவே தருவார்கள்.

இன்ஜின் கேஸ், அதாவது இன்ஜினின் வெளிக்கூடு, வாங்குவது தனி விஷயம். அதில் எண் இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். இன்ஜினை மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எண்ணைத் தேய்த்த கேஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பில்லில் இன்ஜின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கேஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு வேறு ஹப் தேடி, 130.2 அளந்து, புது ஷூ போட்டுக் கொடுத்தேன். பழைய ஹப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது மறுபடி எந்தக் கடைக்காவது போய்ச் சேரும். என் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். பாகம் வாங்கப் போகிறேன் என்று வருபவர்களிடம் காலிபரைக் கொடுத்து, முதலில் அதை அளக்கச் சொல்கிறேன்.