திரபூல்: சுரங்கம் அல்ல, ஊடுவழி

பிரான்ஸின் லியோன் நகரைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் ‘ரகசியச் சுரங்கப்பாதை’ என்று மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் அப்படிச் சொல்வது ‘திரபூல்’ என்பதை, ஒரு தெருவில் வீட்டுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் நடைவழியை. ‘கடந்து நடத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல் தேய்ந்து வந்தது என்பார்கள். வேர் அவ்வளவுதான்.

சுரங்கம் என்றால் மண்ணைத் தோண்டியிருக்க வேண்டாமா? பழைய லியோனில் தெருக்கள் சோன் ஆற்றை ஒட்டி நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்குத் தெரு குறைவு. அதனால் வீடுகளுக்குள்ளேயே வழிவிட்டுக் கட்டினார்கள். சேன் ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தள்ளி உள்ளே போனால் இருட்டான நடை. அப்புறம் வானம் தெரியும் முற்றம். மறுபடி நடை, மறுபடி முற்றம். கடைசியில் பெஃப் தெருவில் 27ஆம் எண் வாசல் வழியாக வெளியே வருவோம். தலைக்கு மேலே குடும்பங்கள் வசிக்கின்றன. வானம் தெரிகிற சுரங்கம் எங்கே இருக்கிறது?

‘ரகசியம்’ இன்னும் மோசம். அதே லியோனின் குருவா ரூஸ் மேட்டுப் பகுதியில் பட்டு நெசவாளர்கள் துணி நனையாமல் சுமந்துபோன அன்றாட வழி அது. இரண்டாம் உலகப் போரில் நாஜி எதிர்ப்பாளர்கள் இதன் வழியே தப்பினார்கள், உண்மைதான். தப்பிக்க உதவியதாலேயே ஒரு வழியின் பெயர் மாறிவிடுமா? ஆங்கிலத்தில் பரபரப்புக்காக எழுதியதை அப்படியே தமிழாக்குவதால் வரும் வினை இது. ஒருமுறை வரைபடத்தைப் பார்த்திருந்தால் போதும்.

தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘இடைகழி’ என்கிறார். எனக்கும் பிடித்த சொல். திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவர் மழைக்கு ஒதுங்கிய கதையில், ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் இடம் தந்தது இடைகழிதான். ஆனால் இடைகழி வீட்டுக்குள் கொண்டுபோய் விடும். திரபூல் வீட்டைக் கடந்து அடுத்த தெருவில் விடும். ‘சந்து’ம் பொருந்தாது. அது வீடுகளுக்கு நடுவே போவது, வீட்டுக்குள்ளே அல்ல.

ஊடுவழி என்போம். ஊடாகப் போகும் வழி. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் குறுக்கே ஓடும் நூலை நம் நெசவாளர்கள் ஊடை என்பார்கள். நீளத் தெருக்களுக்குக் குறுக்கே ஓடும் இந்த வழிகளுக்கு, அதுவும் பட்டு நெய்த ஊரில், வேறென்ன பெயர் வேண்டும்? முதல் முறை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் திரபூல் என்று போடுங்கள். அடுத்த வரியிலிருந்து ஊடுவழி மட்டும் போதும்.