மாட்டுக்கு ஊசி போடுமுன் காற்றாடி போடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மாடு வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான். விஷயமும் ஏறக்குறைய ஒன்றுதான். "டாக்டர், மாடு தீனி எடுக்க மாட்டேங்குது, பால் குறைஞ்சு போச்சு, உடம்பு கொதிக்குது, வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க." போய்ப் பார்த்தால் கைக்கு எட்டும் உயரத்தில் தகரக் கூரை, மூன்று பக்கமும் பலகை அடைத்த கொட்டகை, அதற்குள்ளே கறுப்பு வெள்ளை மாடு ஒன்று வாயைத் திறந்து எச்சில் ஒழுக நிற்கும்.

அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் 39.5 டிகிரி செல்சியஸ் காட்டும், 40 கூடக் காட்டும். காய்ச்சல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவசரப்பட்டு ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டால், மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை அந்தப் பாலை யாருக்கும் விற்க முடியாது, கீழே ஊற்ற வேண்டியதுதான். நோயே இல்லாத மாட்டுக்கு இந்த நஷ்டம் எதற்கு?

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மாட்டின் பின்பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று, விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அது ஒருமுறை உப்பி அடங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தில் தவிக்கிறது, 80-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். பிறகு மறுநாள் விடியற்காலையில் வெப்பம் பாருங்கள். 38.5 பக்கம் இறங்கி மூச்சும் சீராகியிருந்தால் அது பெரும்பாலும் வெயிலின் வேலைதான். விடிந்தும் 39.5-க்குக் கீழே வரவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, உண்ணி அப்பியிருக்கிறது, இல்லை மூத்திரம் கோப்பி-ஓ, அதாவது பால் விடாத காப்பி நிறத்தில் போகிறது என்றால் அது வேறு கதை. அது உண்ணி பரப்பும் ரத்தக் காய்ச்சலாக இருக்கலாம், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள்.

சரி, நம் ஊர் வெயில் அப்படி என்ன செய்துவிடும், வடக்கே இந்தியாவில் இதைவிட அதிகமாகக் காய்கிறதே என்று கேட்பார்கள். வெயில் மட்டும் என்றால் சமாளிக்கலாம், கூடவே ஈரக்காற்றும் இருப்பதுதான் சிக்கல். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடும் ஒரு கணக்கு உண்டு, அதில் 72-ஐத் தாண்டினாலே கறவை மாட்டுக்குச் சிரமம் ஆரம்பம். நம் ஊரில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள சாதாரண நாளில் அந்தக் கணக்கு 84-க்குப் போகிறது. அதைவிட முக்கியம் ராத்திரி. 24 டிகிரிதானே, குளுகுளுவென்று இருக்கிறதே என்று நாம் போர்வையை இழுப்போம், ஆனால் 95 சதவீத ஈரப்பதத்தில் அதுவும் 75-ஐ ஒட்டித்தான் வரும். பகலில் ஏறின சூட்டை இறக்கி வைக்க மாட்டுக்கு ராத்திரியும் முழுதாகக் கிடைப்பதில்லை.

அதனால்தான் காற்றாடி என்கிறேன். வெறுமனே தண்ணீர் அடித்து விடுவது பாதி வேலை. காற்று அடிக்காத கொட்டகையில் தண்ணீர் ஆவியாகாது, கொட்டகையே நீராவி அறை மாதிரி ஆகிவிடும். பனி மாதிரித் தூவும் மெல்லிய தூவான்கள் நம் ஊருக்கு லாயக்கில்லை, அவை முடியின் மேல் உட்கார்ந்துகொண்டு காற்றில் ஈரத்தைத்தான் கூட்டுகின்றன. தோல் வரை நனைகிற மாதிரி முதுகில் ஓரிரு நிமிடம் தண்ணீர், அப்புறம் நிறுத்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் காற்றாடி, திரும்பவும் தண்ணீர். பால் கறக்கப் போகும் முன்னால் இதைச் செய்தால் கண்ணெதிரே மூச்சு இறங்கும். மடி வரைக்கும் தண்ணீர் வழிய விடாதீர்கள், மடிநோயை நீங்களே கூப்பிட்டதாகிவிடும். பலகைகளைக் கழற்றுங்கள், முடிந்தால் கூரையை உயர்த்துங்கள். குடிதண்ணீர் தொட்டி நிழலில் இருக்கட்டும். இந்த வெக்கையில் நன்றாகக் கறக்கும் மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேலேகூடக் குடிக்கும், காலையும் மாலையும் வாளியில் காட்டிவிட்டுப் போவதெல்லாம் அதற்குப் போதாது.

தீனி வைக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும். தின்றது வயிற்றில் நொதிக்கும்போது மாட்டுக்குள்ளேயே சூடு கிளம்புகிறது, அது உச்சிக்குப் போவது தின்ற சில மணி நேரம் கழித்து. காலை பத்து மணிக்கு வயிறு நிறைய வைத்தால் உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றாகச் சேரும். பெரும்பகுதியைச் சூரியன் இறங்கிய பிறகும் விடியுமுன்னும் வையுங்கள். இன்னொன்று, மூச்சிரைக்கிற மாடு எச்சிலை வெளியே ஒழுக விடுகிறது. வயிற்றுப் புளிப்பை அடக்குவதே அந்த எச்சில்தான். அது உள்ளே போகாவிட்டால் வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு குறையும். அப்போது பால் சேகரிப்பு நிலையத்தில் தரம் சரியில்லை என்று சொன்னால் அவர்களைத் திட்டிப் பயனில்லை.

தீனி என்றதும் பிகேசி என்கிற செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றிலும் செம்பனை இருக்கும் ஊரில் அதை விட்டால் வேறு மலிவான தீனி ஏது! 14 முதல் 16 சதவீதம் வரை புரதம் இருக்கிறது, நல்ல தீனிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல் இரண்டு மடங்கு. நேப்பியர் புல்லும் பிகேசியும் மட்டும் தின்று கறக்கும் மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? கன்று போட்டு ஓரிரு நாளில் மாடு எழுந்திருக்க முடியாமல், காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். கால்சியத்தை இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே குத்திப் பார்க்காதீர்கள். கறவையில் இருக்கும்போது தாது உப்புக் கலவை தினமும் போடுங்கள். அதே பிகேசியைச் செம்மறி ஆட்டுக்கும் அள்ளிப் போடுகிறவர்கள் கவனியுங்கள், அதில் உள்ள செம்புச் சத்து மாட்டுக்குத் தாங்கும், செம்மறிக்கு ஈரலில் தேங்கி ஆட்டையே கொன்றுவிடும்.

வறட்டு மாட்டை, அதாவது கன்று போடுமுன் கறவை நிறுத்திய மாட்டை, செம்பனைத் தோட்டத்தில் மேய விடுவது பழைய வழக்கம். செம்பனை நிழல் அதற்கு நல்லதுதான். கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் குளிர்ச்சியாக இருந்த மாடு அடுத்த ஈற்றில் கூடுதலாகக் கறக்கும், கன்றும் கனமாகப் பிறக்கும். ஆனால் எந்த நிரையில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்காமல் அவிழ்த்து விடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், அதற்காக மற்ற மருந்தெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் என்று அர்த்தமில்லை.

இனி சினை விஷயம். வெக்கையில் மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, தாவாது, வந்த சுவடே தெரியாமல் போய்விடும். பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அறிகுறி தெரியும், ஆகவே படுக்கப்போகும் முன் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், வாலடியில் கண்ணாடி மாதிரி கோழை ஒட்டியிருக்கிறதா என்று. காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி, அதாவது காளையின் விந்தைச் செலுத்துவது, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போட்ட முதல் சில நாட்களில் கருவுக்குச் சூடு ஆகவே ஆகாது, அந்த நாட்களில் காற்றாடியை அணைக்காதீர்கள். காளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விந்து உருவாக இரண்டு மாதம் பிடிக்கும், அதனால் இன்று காளை பட்ட சூட்டின் பலனை நீங்கள் பல வாரம் கழித்துத்தான் பார்ப்பீர்கள்.

எந்த ரத்தம் வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் அடிப்படை. ஃப்ரீசியன், வட ஐரோப்பாவின் குளிர்க் கடற்கரை மாடு. சாஹிவால், பஞ்சாப் வெயிலில் வளர்ந்தது, தொளதொள தோல், வழவழவென்ற குட்டை முடி, உண்ணிக்கும் எளிதில் மசியாது. இரண்டையும் கலந்து மலேசியாவில் நிலைநிறுத்தியதுதான் மாஃப்ரிவால். குளுவாங்கில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை அதற்குப் பேர் போனது. பாதி ஃப்ரீசியன், பாதி சாஹிவால், அதை ஒட்டிக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் நம் கொட்டகைக்குச் சரி. ஆனால் வாளி நிறைய வேண்டும் என்ற ஆசையில் தலைமுறைக்குத் தலைமுறை ஃப்ரீசியன் ஊசியே போட்டு, முக்கால் ரத்தத்துக்கும் மேலே கொண்டுபோய்விட்டு, "போன மாட்டுக்கு இருந்த தெம்பு இதுக்கு இல்லையே டாக்டர்" என்கிறார்கள். தெம்பு எப்படி இருக்கும்?

ஆகவே அடுத்த தடவை சினை ஊசி போட வருகிறவரிடம் அது எந்தக் காளையின் விந்து, எத்தனை பங்கு ஃப்ரீசியன் என்று கேளுங்கள். உங்கள் மாடு ஏற்கெனவே கறுப்பு வெள்ளையாக, முடி அடர்ந்து, நண்பகலில் மூச்சிரைக்கிற மாடாக இருந்தால் சாஹிவால் அல்லது மாஃப்ரிவால் காளை வேண்டும் என்று சொல்லுங்கள். கையில் இல்லை என்றால் அடுத்த பருவத்துக்கு வரவழைக்கச் சொல்லிவிட்டு, 21 நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.