டாக்கோ பிய்யாம மடங்குறதுக்கு காரணம் சுண்ணாம்பு

மெக்சிகன் ரெஸ்டாரன்ட்ல மெனுவ புரட்டுனா பேரு மட்டும் மாறிட்டே இருக்கும், டாக்கோ, டோஸ்டாடா, என்சிலாடா, சிலாக்கிலேஸ்னு, ஆனா இதுல பாதிக்கு மேல அடியில இருக்கிறது ஒரே பொருள்தான், மக்காச்சோளத்துல பண்ணின மெல்லிசான வட்டம், டார்ட்டியா. மடிச்சா டாக்கோ, மொறுமொறுன்னு பொரிச்சு மேல எல்லாத்தையும் அடுக்குனா டோஸ்டாடா, சாஸ்ல முக்கி சுருட்டுனா என்சிலாடா. அந்த வட்டத்த கையில எடுத்து மடிச்சு, உள்ள கறி, வெங்காயம், கொத்தமல்லி, மேல எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுறோம், கடைசி வாய் வரைக்கும் பெரும்பாலும் பிய்யறதில்ல. இது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு வீட்ல சாதா மக்காச்சோள மாவுல தண்ணி ஊத்தி பிசைஞ்சு பாத்தப்பதான் புரிஞ்சுது, தட்டும்போதே ஓரமெல்லாம் வெடிச்சுது, கல்லுல போட்டு திருப்பும்போது ரெண்டா உடைஞ்சிருச்சு.

ஏன்னா மக்காச்சோளத்துல குளூட்டன் கிடையாது. கோதுமை மாவ பிசையும்போது அதுல இருக்கிற புரதம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ரப்பர் மாதிரி ஒரு வலை உருவாகும், அந்த வலைதான் குளூட்டன், அதான் இழுத்தா வருது. மக்காச்சோளத்தோட முக்கியமான புரதம் ஜெயின், அது சாதாரண சூட்டுல அப்படி வலை பின்னாது, மாவு தனித்தனி மணலாவே நிக்கும். அப்போ மெக்சிகோல இத எப்படி ஒட்ட வெச்சாங்க?

சுண்ணாம்பு போட்டு. சுண்ணாம்புன்னா கால்சியம் ஹைட்ராக்சைடு, அங்க அதுக்கு பேரு கால். காஞ்ச மக்காச்சோளத்த தண்ணில போட்டு, சோளத்தோட எடைக்கு ஏறக்குறைய 1% சுண்ணாம்பு கலந்து கொதிநிலைக்கு கிட்ட கொண்டுபோய் கொஞ்ச நேரம் வேகவெச்சு, அடுப்ப அணைச்சிட்டு ராத்திரி முழுக்க அப்படியே ஊற விடுவாங்க. இதுக்கு நிக்ஸ்டமல் பண்றதுன்னு பேரு, மெக்சிகோவோட பழங்குடி மொழியான நாவாட்ல்ல நெக்ஸ்ட்லின்னா சாம்பல், தமாலின்னா சோள மாவு, சுண்ணாம்புக்கு பதிலா மரச்சாம்பல போட்டும் இத செய்யலாம், ரெண்டுமே தண்ணிய காரமாக்கும், சாப்பிடுற காரம் இல்ல, அமிலத்துக்கு எதிர் பக்கத்துல இருக்கிற காரம்.

அந்த ஊறுற நேரத்துலதான் முக்கால்வாசி வேலையும் நடக்குது. சோளத்தோட வெளித்தோல கட்டி வெச்சிருக்கிறது ஹெமிசெல்லுலோஸ்னு ஒரு பொருள், காரத்தண்ணி அத கரைச்சு விட்டுரும், காலைல ரெண்டு கையால தேச்சாலே தோல் வழுக்கிட்டு வந்துரும். கரைஞ்சதெல்லாம் மஞ்சள் தண்ணியா போகும், அதுக்கு நெஹயோடேன்னு பேரு. ஆனா எல்லாம் போயிடாது, கொஞ்சம் கோந்து மாதிரி சோளத்துலயே தங்கும். உள்ள இருக்கிற ஸ்டார்ச்சும் கொஞ்சம் தண்ணி குடிச்சு உப்பி அரைவேக்காட்டுக்கு வந்திருக்கும், கால்சியம் வேற உள்ள நுழைஞ்சு பக்கத்து பக்கத்து மூலக்கூற இழுத்து பிடிச்சுக்கும். இத ஈரமா அரைச்சா கிடைக்கிறதுதான் மாசா, உருட்டி அமுக்குனா காகிதம் மாதிரி விரியுது, வெடிக்கிறதில்ல. முன்னாடி மெட்டாடேங்கிற கல்லுல முட்டிபோட்டு உக்காந்து பொண்ணுங்க மணிக்கணக்கா அரைச்சது, அந்த உழைப்ப நினைச்சா எனக்கு எப்பவும் கஷ்டமா இருக்கும், இப்போ மில்லுல அரைச்சிடுறாங்க.

கோமல்னு சொல்ற சூடான தட்டுல போட்டதும் வெளிப்பக்கம் முதல்ல இறுகி ஒரு தோல் மாதிரி ஆகிடும், ரெண்டாவது தடவை திருப்பும்போது நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணி ஆவியாகி வெளிய போக வழி இல்லாம ரெண்டு தோலையும் பிரிச்சு தூக்கும், நல்ல டார்ட்டியா உப்பி நிக்குறது இதனாலதான். அந்த வாசனை இருக்கே, கடைக்குள்ள நுழையும்போதே அடிக்குமே, அதுல பெரிய பங்கு 2-அமினோஅசிட்டோபீனோன்னு ஒரு பொருளுக்கு. சுண்ணாம்புல ஊறாத சோளத்த எப்படி சுட்டாலும் அந்த வாசனை வராது.

துணில சுத்தி மூடின கூடையில கொண்டுவந்து வெக்கிறாங்கல்ல, அது அழகுக்காக மட்டும் இல்ல. ஸ்டார்ச் ஆற ஆற மறுபடி வரிசையா அடுக்கிக்கும், டார்ட்டியா விறைச்சு போகும், மடிச்சா பொட்டுனு உடையும். திரும்ப சூடு பண்ணினா கொஞ்சம் இளகும், முழுசா பழைய மாதிரி வராது. ஆறிப்போனத வீணாக்காம பொரிச்சா சிப்ஸ், பழசுல ஈரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கிறதால எண்ணெயும் கம்மியா குடிக்கும். எண்ணெயில போட்டதும் கொதிக்கிற மாதிரி குமிழ் வருதே, அது எண்ணெய் கொதிக்கிறது இல்ல, டார்ட்டியாவுல இருந்து தண்ணி ஆவியா ஓடுறது, குமிழ் நின்னா தண்ணி தீந்துச்சு, சிப்ஸ் ரெடி.

சல்சா, அதான் கூட வர்ற மிளகாய் சட்னி, அத பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். மிளகாய்ல இருக்கிற கேப்சைசின் நாக்கு நரம்புல இருக்கிற TRPV1ங்கிற உணர்வு வாங்கிய (ரிசெப்டர்) திறந்து விடும், இது 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டாலே திறக்கிற அதே ரிசெப்டர், அதனாலதான் எரியுதுன்னு சொல்றோம், மூளைக்கு அது நெருப்புதான். இத 1997ல கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் கிடைச்சுது. கேப்சைசின் தண்ணில கரையாது, அதனால எரியும்போது தண்ணி குடிச்சு பிரயோஜனம் இல்ல, கொழுப்புலதான் கரையும், அதனால தட்டுல இருக்கிற கிரீமாவ, அதான் அந்த புளிச்ச பாலாடைய, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வெச்சா சீக்கிரம் அடங்கும்.

திரும்ப சுண்ணாம்புக்கு வரேன், ஏன்னா இதுக்கு அப்புறம்தான் மனச பிசையிற விஷயம். சோளத்துல நியாசின், அதாவது பி3 வைட்டமின் இருக்கு, ஆனா உடம்பால எடுக்க முடியாத மாதிரி வேற பொருளோட கட்டிப்போட்டு இருக்கு, காரத்தண்ணில ஊறினா அந்த கட்டு அவிழ்ந்துரும். 1492க்கு அப்புறம் ஐரோப்பாவுக்கு சோளம் போச்சு, நல்லா விளைஞ்சுது, ஏழைங்க மூணு வேளையும் அதையே சாப்பிட்டாங்க, ஆனா சுண்ணாம்புல ஊறவெக்கிற வழக்கம் மட்டும் கூட போகல. 1735ல ஸ்பெயின்ல காஸ்பர் கசால்னு ஒரு டாக்டர் ஒரு புது வியாதிய பாத்து எழுதுறாரு, தோல் வெடிக்குது, வயித்தால போகுது, கடைசில புத்தி தடுமாறி சாவு. 1771ல இத்தாலில இதுக்கு பெல்லாக்ரான்னு பேரு வெச்சாங்க, சொரசொரப்பான தோல்னு அர்த்தம். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல இது ஆயிரக்கணக்கான பேர கொன்னுச்சு, தொத்து வியாதின்னுதான் நிறைய டாக்டருங்க நம்புனாங்க. 1914ல இத ஆராய போன ஜோசப் கோல்ட்பெர்கர் அனாதை ஆசிரமத்து பசங்களுக்கு பால், முட்டை, கறி கொடுத்து பாத்தாரு, வியாதி மறைஞ்சுது, சாப்பாட்டுலதான் குறைன்னு சொன்னாரு, அப்பவும் பல பேரு ஏத்துக்கல. குறைஞ்சது எதுன்னு தெரிய 1937 ஆச்சு, கான்ராட் எல்வேஜம் நியாசின்தான்னு காட்டினாரு.

குவாத்தமாலாவோட தெற்கு கடலோரத்துல சோளத்த சுண்ணாம்புல ஊறவெச்சதுக்கான தடயம் கி.மு. 1500-1200 வாக்குலயே கிடைக்குது. நியாசின்னு பேரு தெரியாது, வைட்டமின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, தோல் உரியுது, மாவு ஒட்டுது, அத பாத்து பாத்து தலைமுறை தலைமுறையா அம்மா பொண்ணுக்கு சொல்லிக்கொடுத்து வந்த வேலை இது, அதனாலதான் சோளத்தையே நம்பி வாழ்ந்த அந்த மண்ணுல பெல்லாக்ரா இப்படி பரவல.

புரிட்டோவுக்கு வர்ற பெரிய டார்ட்டியா கோதுமை, வடக்கு மெக்சிகோ பக்கத்து வழக்கம், அதுக்கு குளூட்டன் இருக்கு, சுண்ணாம்பு தேவைப்படல. ஆர்டர் எடுக்கிறவங்க மாயிஸா ஹரினாவான்னு கேப்பாங்க, மாயிஸ்னா சோளம், ஹரினான்னா மாவு, இங்க கோதுமை மாவு. நான் மாயிஸ்தான் கேப்பேன், வந்ததும் மூடிய திறந்து முதல்ல மோந்து பாப்பேன்.