மண் கரிமம்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் மண் பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்தால் ‘அங்ககக் கரிமம்’ என்று ஒரு வரி இருக்கும், இலங்கையில் அதையே ‘சேதனக் காபன்’ என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். உதிர்ந்த இலை, செத்த வேர், புழு, நுண்ணுயிர் எல்லாம் மட்கி மண்ணோடு கலந்து தங்கும் கரிமம். இந்தச் சொல் எப்படி வந்தது, தேயிலைத் தோட்டத்து மண்ணில் இந்தக் கரிமம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம்.

லத்தீனில் ‘கார்போ’ என்றால் அடுப்புக்கரி. 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் கூட்டாளிகளும் வேதிப்பொருட்களுக்குப் புதுப் பெயர் வைத்தபோது அதிலிருந்துதான் ‘கார்போன்’ பிறந்தது. நம் கரிமமும் கரியிலிருந்து வந்ததால் அதில் குறையே இல்லை. சிக்கல் ‘ஆர்கானிக் கார்பன்’ என்பதில் உள்ள ‘ஆர்கானிக்’ என்ற அடைமொழியில். ‘ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’யைக் கரிம வேதியியல் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதையே இங்கும் போட்டால் ‘கரிமக் கரிமம்’ என்று வந்து நிற்கும். அதனால்தான் அங்ககம், சேதனம் என்ற வடசொற்கள் தேவைப்பட்டன. என்னைக் கேட்டால் ‘உயிர்மக் கரிமம்’ நல்ல சொல். தமிழ்நாடு அரசே 2023இல் உயிர்ம வேளாண்மைக் கொள்கை என்றுதானே பெயர் வைத்தது?

சரி, தேயிலைக்கு வருவோம். காட்டை அழித்துக் கன்று நட்ட முதல் சில வருடங்கள் மண் கிளறப்பட்டு, வெயிலும் மழையும் நேரே பட்டு, கரிமம் குறையும். செடிகள் படர்ந்து நிலத்தை மூடிய பிறகு மெல்ல ஏறும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது விழும் இலையும் மிலாறும் (குச்சிகளும்) அங்கேயே கிடந்து மட்கினால் பெரிய வரவு, மிலாறெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டால் அந்த வரவில் பாதி போச்சு. அப்புறம் தேயிலைக்கே உரிய ஒரு குணம் இருக்கிறது: முற்றிய இலையில் அது அலுமினியத்தைச் சேர்த்து வைக்கும். அந்த இலை வருடக்கணக்காக உதிர, தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும் சேர, மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, கூடிக்கொண்டே போகும். புளிப்பு மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாகும், இலையும் வேரும் மட்கிக் கிடைக்கும் ‘மட்கு’ என்ற பொருள் அலுமினியத்தோடு பிணைந்து சிதையாமல் நிற்கும். ஆகவே வயதான தோட்டத்தில் கரிம அளவு அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து மண் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது, புளிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்த சரிவுகளில் கதையே வேறு, மேல்மண் மழையில் அரித்துப் போகும்போது கரிமமும் கூடவே போய்விடும். இலங்கையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுபடி நடுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானா புல்லோ கௌதமாலா புல்லோ வளர்ப்பது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணில் சுண்ணாம்பிலேயே இருக்கும், உயிர்மம் அல்லாத கரிமமும் உண்டு, அங்கே ‘உயிர்மக் கரிமம்’ என்று பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். தேயிலை மண்ணின் புளிப்பில் சுண்ணாம்பு தங்குவது அரிது, அதனால் ‘மண் கரிமம்’ என்றாலே போதும். மட்கு வேறு, கரிமம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். கரிமத்தை 1.724ஆல் பெருக்கினால் மட்கின் அளவு தோராயமாகக் கிடைக்கும், அட்டையில் கரிமம் 2 சதவீதம் என்றிருந்தால் மட்கு ஏறக்குறைய 3.4 சதவீதம்.