பாறைக்குள் ஊற்றிய எண்ணெய் ஏன் கசிவதில்லை?

"பெட்ரோல் விலை ஏறினால் அரசு வரியைக் குறைக்கலாம். கப்பலே வராவிட்டால்? மங்களூர்ப் பக்கம் பாறையைக் குடைந்து எண்ணெய் நிரப்பி வைத்திருக்கிறார்களாமே, அது கசிந்துவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விலையேற்றம் வேறு, தட்டுப்பாடு வேறு. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது, விலை இறங்கியது. அதே ஆண்டு இலங்கையில் எண்ணெய் வாங்க டாலரே இல்லை. க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். சரக்கு இல்லாத பங்க்கில் வரிச்சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே கையிருப்பு வேண்டும். நம்மிடம் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்றிலும் சேர்த்து 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய்க்கு இடமுண்டு. அரசுக் கணக்குப்படி சுமார் ஒன்பதரை நாள் தேவை. எண்ணெய் நிறுவனங்களின் இருப்பு தனி.

இனி அந்தக் குகைகள். சுமார் 30 மீட்டர் உயரம். எண்ணெயைத் தடுக்க இரும்புத் தகடு, ரப்பர் உறை எதுவும் கிடையாது, வெறும் பாறைதான். எந்தப் பாறையிலும் விரிசல் இருக்கும். அப்படியானால் எண்ணெயைக் காவல் காப்பது யார்? தண்ணீர்!

கீறல் விழுந்த வெறும் பானையை வாய் மூழ்காமல் குளத்துக்குள் அமுக்கிப் பாருங்கள். கீறல் வழியே நீர் உள்ளேதான் வரும். குகையும் நிலத்தடி நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். விரிசல்களில் நிற்கும் நீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் எண்ணெய், ஆவி இரண்டின் அழுத்தத்தையும் மிஞ்சுவதால், ஓட்டம் எப்போதும் உள்நோக்கியே. எண்ணெய் வெளியேற வழி இல்லை.

ஆனால் நீர் இப்படி வடிந்துகொண்டே இருந்தால் நீர்மட்டம் இறங்கிவிடுமே? அதற்காகக் குகையின் கூரைக்கு மேலே இன்னொரு சுரங்கம் வெட்டி, அதிலிருந்து வரிசையாகத் துளையிட்டு, அழுத்தத்தோடு நீரைச் செலுத்துகிறார்கள். 'நீர்த்திரை' என்று பெயர். உள்ளே கசியும் நீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் போய்த் தேங்கும். அதை பம்ப் வைத்து இறைத்துவிடுகிறார்கள். மழை பொய்த்தாலும் திரை கிழியாது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த நாட்டில்தான் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்து போர்வெல் போடுகிறோம். நிலத்தடி நீரியல் படிப்புக்கும் ஆய்வுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் தேங்காய் சட்னிக்காவது மிஞ்சும்.

நிரப்புவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஊரடங்கால் உலகச் சந்தை படுத்துக் கிடந்தபோது, பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி நிரப்பினார்கள். ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் மிச்சம். கெட்டிக்காரத்தனம். ஆனால் 2021 நவம்பரில், விலையை இறக்குவதற்காக அமெரிக்கா முதலிய நாடுகளோடு சேர்ந்து 50 லட்சம் பீப்பாயைத் திறந்துவிடுவதாக அறிவித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பல் வராத நாளுக்கான சேமிப்பு அது. அந்த 50 லட்சமும் நாம் ஏறக்குறைய ஒரே நாளில் எரித்துத் தீர்க்கிற அளவுதான். உலக விலை அதற்கெல்லாம் அசையாது.