என்.சி. தாளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? மும்பையில் போலீஸ் மேல் புகார் கொடுப்பது எப்படி

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) குடியிருக்கும் இட்லி அண்ணாச்சியின் மச்சினனை ரோந்துப் போலீஸ் சௌகிக்கு, அதாவது புறக்காவல் நிலையத்துக்கு, கூட்டிக்கொண்டு போனது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் விட்டார்கள். காதுக்குக் கீழே வீங்கியிருந்தது, சட்டைப் பையில் இருந்த வசூல் பணம் இல்லை. அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போய் நியாயம் கேட்டார். ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். எஃப்.ஐ.ஆர். என்று நம்பி அதைப் பாலிதீன் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். என்.சி. ‘அடையாளம் தெரியாத இருவருடன் வாய்த்தகராறு’ என்று மராட்டியில் எழுதியிருந்தது.

“அண்ணாச்சி, இதுல போலீஸ்ங்கற வார்த்தையே இல்லையே?”

“முத்திரை இருக்குல்லா தம்பி?”

முத்திரை இருந்தது, அது மட்டும்தான் இருந்தது. என்.சி. என்பது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாத சின்னக் குற்றத்துக்கான பதிவு. கையில் தாள் இருக்கும், வழக்கு இருக்காது. அடித்துப் பணம் பிடுங்குவது அந்த வகையில் சேராது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுப்பதும் அவர்கள் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்பதும் அதே பிரிவுதான்.

சரி, போலீஸ்காரர் மேலேயே புகார் என்றால் அதே ஸ்டேஷன் எழுதுமா? பெரும்பாலும் எழுதாது. புகாரைத் தாளில் எழுதி, தபாலில் அந்த சோனின் (வட்டாரத்தின்) போலீஸ் துணைக் கமிஷனரான டி.சி.பி.க்கு அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தொலைக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் ‘ஆவக்’ (பெற்றுக்கொண்டோம் என்ற) முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். அங்கும் அசையவில்லை என்றால் 175-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதுச் சட்டம் இங்கே ஒரு வேகத்தடை வைத்திருக்கிறது. அரசு ஊழியர் வேலை நிமித்தம் செய்த காரியம் மேல் புகார் என்றால், மேலதிகாரியின் அறிக்கையை வாங்கி, அந்த ஊழியர் தரப்பையும் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம். அடித்தவர் தன் கதையைத் தயார் செய்ய நேரம் கொடுக்கும் ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று, இது பல வக்கீல்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது. மகாராஷ்டிரா போலீஸ் சட்டத்தின் 161-வது பிரிவு, கடமையின் பேரில் அல்லது கடமையை மீறி போலீஸ் செய்த காரியத்துக்கு 6 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறது. அதற்கு மேல் போனால் அரசு அனுமதியோடு 2 வருடம் வரைதான் கிரிமினல் வழக்கு. ‘கொஞ்சம் பொறு, பேசித் தீர்ப்போம்’ என்று யாராவது நடுவராக வந்தால், இந்த 6 மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

புகார் ஆணையம்

உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங் 1996-ல் போலீஸ் சீர்திருத்தம் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வர பத்து வருடம் ஆனது, 2006 செப்டம்பர் 22. ஏழு கட்டளைகள். அதில் ஒன்று, போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரிக்காமல் இருக்கத் தனி ஆணையம். மகாராஷ்டிரா இதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2014-ல்.

அதன்படி மாநில அளவில் ஓர் ஆணையம், தலைமையில் ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி. கீழ்மட்ட அதிகாரிகளுக்காகக் கோட்ட அளவிலும் ஆணையங்கள். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை அல்லது அதற்கான முயற்சி, முறை தவறிய கைது, லஞ்சம், பணம் பறித்தல், நிலம் வீடு அபகரிப்பு, அதிகாரத்தை மோசமாகப் பயன்படுத்துவது எல்லாம் இதன் வரம்புக்குள் வரும். பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. குடும்பத்தில் ஒருவர், அல்லது அவர் சார்பில் வேறொருவர் எழுதலாம். அண்ணாச்சி விஷயத்தில் மச்சினன் பயந்துபோய்க் கையெழுத்துப் போட மறுத்தான், அவன் அக்காதான் போட்டார். அது செல்லும்.

ஆணையத்துக்கு ஆளை வரவழைக்கும் அதிகாரம் உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அறிக்கை அரசுக்குப் போகும். அரசு ஏற்றால்தான் துறை நடவடிக்கை. கைக்கு முழு நீளம் கொடுக்காமல் சட்டை தைத்த மாதிரி. ஆனாலும் எழுதச் சொல்கிறேன், காரணம் எளிது. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, ஓய்வு பெற்ற நீதிபதி முன்னால் பதில் சொல்ல வைக்கும் இடம் இது.

மனித உரிமை ஆணையம் தனி. மாநில ஆணையத்தின் அலுவலகம் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே. கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும்.

கூட்டிக்கொண்டு போகும்போதே

புகார் ஜெயிப்பதும் தோற்பதும் முதல் இரண்டு நாளில் என்னென்ன தாள் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. 1996 டி.கே. பாசு தீர்ப்பிலிருந்து இன்றைய சட்டம் வரை அடிப்படை மாறவில்லை. கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் வீட்டு ஆளோ அக்கம்பக்கத்தவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்வதற்கு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும், அதுவும் பெண் அதிகாரி மூலம், விதிவிலக்கான சமயத்தில் மட்டும்.

நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று 2025 நவம்பரில் வந்தது. ஒர்லியில் நடந்த ஒரு கார் விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட், கைதுக்கான காரணத்தை எழுத்தில், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்றது. எந்தக் குற்றமாக இருந்தாலும் சரி. அந்த இடத்திலேயே எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்னாலாவது எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கைதே சட்டவிரோதம். மராட்டி படிக்கத் தெரியாத ஒருவரிடம் மராட்டித் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் எத்தனை வருஷமாக நடக்கிறது! கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ‘எனக்கு மராட்டி படிக்கத் தெரியாது’ என்று தமிழிலேயே எழுதச் சொல்லிக்கொடுங்கள்.

வெளியே வந்ததும் நேரே அரசு ஆஸ்பத்திரி. ‘கீழே விழுந்துட்டேன்’ என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது என்று சொல்லி, எம்.எல்.சி. (போலீஸ் வழக்குக்கான மருத்துவப் பதிவு) பதியச் சொல்லுங்கள். மச்சினன் இதில்தான் கோட்டைவிட்டான். நான்கு நாள் கழித்துக் கூட்டிப்போனபோது வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது.

அப்புறம் கேமரா. சாத்தான்குளம் நமக்கு வெறும் செய்தி இல்லை. தாராவித் தமிழர்கள் பலருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, ஸ்டேஷன் கேமராவின் ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா கட்டாயம் என்றது: வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, ஒலியோடு சேர்த்து. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது. பாதிக்கப்பட்டவர் அதைப் பத்திரப்படுத்தக் கேட்கும் உரிமை உண்டு. கேமராக்கள் வேலை செய்யாதது பற்றி 2025 செப்டம்பரில் அதே கோர்ட் தானாக வழக்கு எடுக்க வேண்டி வந்தது, அது வேறு கதை. ‘இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை உள்ள பதிவை அழிக்காமல் வையுங்கள்’ என்று மறுநாளே ஒரு கடிதம் போடுங்கள். அழிந்துவிட்டது என்று பிறகு சொன்னால், கடிதம் கிடைத்த பிறகு அழித்ததாக ஆகும்.

வக்கீலுக்குக் காசில்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

மறியல் பண்ணலாமா?

அண்ணாச்சி விஷயம் தெரிந்ததும் பையன்கள் 90 ஃபீட் ரோட்டை மறிக்கலாம் என்றார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் மும்பையில் போலீஸ் சட்டம் 37-வது பிரிவில் ‘ஜமாவ்பந்தி’ (கூட்டம் கூடத் தடை) உத்தரவு அடிக்கடி இருக்கும், மீறினால் அதற்கே வழக்கு வரும். போராட்டத்துக்கென்று ஒதுக்கிய இடம் ஆசாத் மைதானம், அதற்கும் முன் அனுமதி வேண்டும். கூட்டம் அறிவித்ததும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-வது பிரிவில் ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வரலாம். பழைய சட்டத்தின் எண்ணை வைத்துப் பழைய ஆட்கள் இன்னும் ‘149 நோட்டீஸ்’ என்பார்கள். அது தண்டனை இல்லை, எச்சரிக்கை.

போராட்டத்தால் பலன் உண்டா என்றால், எது என்பதைப் பார்க்க வேண்டும். 1972-ல் இதே மாநிலத்தின் தேசாய்கஞ்ச் ஸ்டேஷனுக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில், 1978-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் கோர்ட்டுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். 1980-ல் பம்பாய் உட்படப் பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் மாறியது. காவலில் இருந்த பெண், சம்மதம் இல்லை என்று சொன்னால் கோர்ட் அதை ஏற்றுத் தொடங்க வேண்டும் என்று வந்தது. அந்த இரண்டு பேரும் கடைசி வரை விடுதலையானவர்கள்தான்.

மும்பைக்குப் பக்கத்தில் பத்லாபூரில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் இரண்டு குழந்தைகளுக்கு நடந்த கொடுமைக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் பெற்றோரை மணிக்கணக்கில் காக்கவைத்தார்கள். 20-ம் தேதி ஜனங்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள், லோக்கல் ரயில் மணிக்கணக்கில் நின்றது. மூன்று போலீஸார் சஸ்பெண்ட். செப்டம்பர் 23-ல் குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ் வண்டிக்குள் சுடப்பட்டுச் செத்தார், சிலர் இனிப்பு கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கை அந்தச் சாவுக்கு ஐந்து போலீஸாரைப் பொறுப்பாக்கியது. ஆகஸ்டில் போலீஸைத் திட்டிய வாய்தான் செப்டம்பரில் சபாஷ் போட்டது. இதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

சஸ்பெண்ட் என்றால் பலர் வேலை போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பாதிச் சம்பளம் வந்துகொண்டே இருக்கும், தாள் இல்லாவிட்டால் ஆளும் திரும்பி வந்துவிடுவார். கூட்டம் சஸ்பெண்டை வாங்கித் தரும். அதற்கு மேல் போக எம்.எல்.சி., ஆவக் முத்திரை, கேமரா கடிதம்தான் வேண்டும். மறியலுக்கு முன்னால் அது மூன்றும் கையில் இருக்கிறதா என்று பையன்களைக் கேட்டேன். அன்று சாயங்காலம் மறியல் நடக்கவில்லை, எழுதத் தெரிந்த பையன் ஒருத்தன் மட்டும் பேனாவோடு வந்தான்.

டி.சி.பி.க்கும் ஆணையத்துக்கும் கடிதம் போய்ப் பன்னிரண்டாம் நாள், மப்டியில் ஒரு ஹவில்தார் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். பணத்தைத் தந்துவிடுகிறோம், எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா, “ரசீது குடுத்து வாங்கினீங்களா, ரசீது வாங்கிக் குடுக்க?” என்று கேட்டதாகச் சொன்னார். மனு நிற்கிறது. மச்சினன் இப்போதும் அதே சைக்கிளில் இட்லி டப்பாவோடு போகிறான். அந்தச் சௌகியைத் தாண்டும் வரைக்கும் ஹாரனை அமுக்குவதில்லை.