தராசு அசையாவிட்டாலும் உடம்பு மாறுகிறது

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமார் பலர், அதை அழுக்கென்று நினைத்து, பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். நிறை கூடிய பதின்ம வயதுப் பிள்ளைகளில் அது பெரும்பாலும், இரத்தத்திலுள்ள சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. பருவமடையும் வயதில் எந்தப் பிள்ளைக்கும் இந்த இணங்காமை கொஞ்சம் வரும், வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும்.

சரி, இதைச் சீராக்கப் பிள்ளையை ஓடச் சொல்கிறோம். நாலு கிழமை கழித்துத் தராசில் ஏற்றினால் அதே நிறை. "ஒண்டும் குறையேல்லையே டொக்டர்" என்று அம்மா சொல்ல, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அதோடு ஓட்டம் நின்றுபோய் அந்த நேரத்துக்கு இன்னொரு ரியூஷன் வந்துவிடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் உள்ளே வேலை நடக்கத் தொடங்கியிருக்கும்.

வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் வரை, இன்சுலின் நன்றாக வேலை செய்யும், பிறகு பழைய நிலைதான். அதனால்தான் சனிக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் விளையாடுவதைவிட நாளாந்தம் கொஞ்சம் ஓடுவதை நான் வற்புறுத்துகிறேன். நிறை இறங்காமலே ஈரலிலும் குடலைச் சுற்றியும் படிந்த கொழுப்பு குறையலாம், தசையும் கூடலாம். பிள்ளை உயரமும் வளர்கிறதே, அதே நிறையில் நிற்பதே பல பிள்ளைகளுக்கு முன்னேற்றம்தான். இடுப்பை அளந்து பாருங்கள், பள்ளிக்கூடக் காற்சட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், அதில் கிழமைக்கு 3 நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. கச்சான் காற்று அனல் அடிக்கும் மாதங்களில் மத்தியானம் வேண்டவே வேண்டாம். வெயில் தணிந்தபின் இங்கே திருகோணமலையில் டச்சு பே கடற்கரை மணலில் பந்து விளையாடலாம், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை வேகமாக ஏறி இறங்கலாம். வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு முற்றத்தில் கயிறடிக்கவாவது இடம் கொடுங்கள், அவர்களின் மாதவிடாய் ஒழுங்குக்கும் இது உதவும். விளையாடி முடிந்ததும் சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள், தண்ணீர் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. நிறை கூடிய பிள்ளை இடுப்பு, தொடை அல்லது முழங்கால் நோகிறது என்று நொண்டினால், பயிற்சியை நிறுத்தி அன்றைக்கே காட்டுங்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம், அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதேபோல் தாகமும் சிறுநீரும் திடீரென்று கூடினால் உடனே இரத்தத்தில் சீனி பாருங்கள்.